நான்கு மாதம் முழுகாமல் இருக்கும்போது புது வேலையில் சேரலாமா?

சேலம் சிவதாபுரத்திலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: வீட்டுப் பட்டறையில் கணவரோடு உட்கார்ந்து கொலுசுக்குச் சலங்கை மாட்டிக்கொண்டிருந்தேன், இடையில் டேலி என்ற கணக்கு மென்பொருளும் ஜிஎஸ்டியும் படித்தேன். ஐந்து ரோடு பக்கம் 14 பேர் இருக்கும் ஜவுளி நிறுவனத்தில் கணக்கு வேலை கிடைத்திருக்கிறது, இஎஸ்ஐ என்ற தொழிலாளர் காப்பீட்டுப் பிடித்தம் கிடையாது. இப்போது நான்கு மாதம், பிரசவத்துக்கு மே 10 தேதி கொடுத்திருக்கிறார்கள். டிசம்பர் 1 சேரட்டுமா, பொங்கல் கழித்தா, இல்லை பிரசவத்துக்கு அப்புறமா?

டிசம்பர் 1-ஆம் தேதியே சேருங்கள். இந்த நேரத்தில் எதற்கு என்று வீட்டில் நாலு பேர் சொல்வார்கள், அக்கறையில்தான் சொல்வார்கள். ஆனால் இதில் ஒரு நாள் கணக்கு இருக்கிறது. அது தெரியாமல் தள்ளிப்போட்டு ஆறு மாதச் சம்பளத்தை விட்ட பெண்களை, சம்பளப் பட்டியல் போடும் வேலையில் இருந்தபோது பார்த்திருக்கிறேன், இன்றைக்கும் மனசு கேட்கவில்லை.

பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடமென்றால் சம்பளத்தோடு மகப்பேறு விடுப்பு சட்டப்படி உண்டு. 1961 சட்டத்தில் 12 வாரமாக இருந்ததை 2017-ல் முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரமாக்கினார்கள். நிபந்தனை ஒன்றுதான்: பிரசவ தேதிக்கு முந்தைய 12 மாதத்தில் அந்த முதலாளியிடமே 80 நாள் வேலை செய்திருக்க வேண்டும். பட்டறையில் உழைத்ததெல்லாம் இதில் சேராது. ஞாயிற்றுக்கிழமையைக் கழித்து வாரம் ஆறு நாள் என்று எண்ணுங்கள். டிசம்பர் 1 சேர்ந்தால் மார்ச் முதல் வாரத்தில் 80 முடிந்துவிடும். பொங்கல் கழித்து ஜனவரி 19 சேர்ந்தால் ஏப்ரல் மூன்றாவது வாரம் ஆகிவிடும், இருபது நாள்கூட இடைவெளி இல்லை. வளைகாப்புக்கு இரண்டு நாள், ஸ்கேனுக்கு ஒரு நாள், கால் வீக்கத்துக்கு ஒரு வாரம் என்று சம்பளமில்லாத லீவு போட்டால் கணக்கு இடித்துவிடும், பிள்ளையும் தேதி பார்த்துக்கொண்டு காத்திருக்காது.

அடுத்தது, எப்போது சொல்வது. என் கருத்து: வேலை நியமனக் கடிதம் கையில் வாங்கி, சேர்ந்த முதல் வாரத்திலேயே சொல்லிவிடுங்கள். சேரும் முன்பே சொன்னால் வேலை கைநழுவலாம், ஆறாம் மாதம் வரை மறைத்தால் உங்கள்மேல் இருக்கும் நம்பிக்கை போய்விடும். வாயால் சொன்னதோடு விடாமல் தேதியைக் குறிப்பிட்டு ஒரு மெயிலும் அனுப்புங்கள். மகப்பேறு விடுப்பில் இருப்பவரை அந்தக் காரணத்துக்காக வேலையை விட்டு நீக்கக் கூடாது என்பதும் சட்டம்தான்.

போகும்போதே ஒரு யோசனையோடு போங்கள். மாதம் 11-ஆம் தேதி, 20-ஆம் தேதி என்று ஜிஎஸ்டி கணக்கு துரத்தும், அதோடு மார்ச் முடிவும் சேர்ந்துகொள்ளும். பிரசவத்துக்கு முன்னால் எட்டு வாரம் வரை எடுக்கலாம், எடுத்தே ஆக வேண்டும் என்றில்லை. டாக்டர் சரியென்றால் ஏப்ரல் 20 வரை வேலை பார்த்து, ஆண்டுக் கணக்கை முடித்துக் கொடுத்துவிட்டுப் போங்கள். திரும்பி வரும்போது அக்டோபர் மூன்றாம் வாரம், குழந்தைக்கு ஐந்து மாதம் தாண்டியிருக்கும். பிறகு குழந்தைக்குப் பதினைந்து மாதமாகும் வரை பால் கொடுக்கத் தினமும் இரண்டு இடைவேளை உண்டு, கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

அம்மா ஏற்காட்டில் எஸ்டேட் வேலைக்குப் போகிறார், தலைப்பிரசவம் அங்கேதான் என்றும் எழுதியிருந்தீர்கள். கடைசி மாதத்தில் இருபது கொண்டை ஊசி வளைவையும் நம்பி மேலே இருக்க வேண்டாம். காபிப் பழம் பறிப்பு அதற்குள் ஓய்ந்திருக்கும், அம்மாவைக் கீழே வரச் சொல்லுங்கள், குழந்தை பிறந்து உடம்பு தேறியதும் சேர்ந்து மேலே போகலாம்.

கர்ப்பத்தைப் பதிவு செய்து கொடுக்கும் பிக்மி எண் வாங்கியாச்சா? இல்லையென்றால் இந்த வாரமே கிராம சுகாதார செவிலியரைப் பாருங்கள், பிறப்புச் சான்றிதழுக்கு அது வேண்டும். முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில் ஊட்டச்சத்துப் பெட்டகத்தையும் சேர்த்து 18,000 ரூபாய் உதவி, உங்கள் குடும்பத்துக்குப் பொருந்துமா என்பதையும் அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்கிறேன். பற்றவைக்கும் புகையும் மெருகு போடும் ஆசிட் நெடியும் இருக்கும் அறையில் இனி உட்காராதீர்கள். அவசர ஆர்டர் என்று கணவர் கூப்பிட்டால், சலங்கையையும் கொலுசையும் தட்டோடு திண்ணைக்கு எடுத்து வரச் சொல்லுங்கள்.