சாபம் பலிக்குமா? படித்தவர்கள்கூட ஏன் அதற்குப் பயப்படுகிறார்கள்?

"வயிறெரிந்து விட்ட சாபம் சும்மா விடாது என்கிறார்களே, வரலாற்றில் இதற்கு ஏதாவது ஆதாரம் உண்டா, உளவியல் என்ன சொல்கிறது" என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் முனிவர்களை ஒதுக்கி வைத்துவிடலாம். துர்வாசர், கௌதமர் கதைகளில் சபிப்பவருக்குத் தவ வலிமை இருக்கிறது. "நிறைமொழி மாந்தர் ஆணையிற் கிளந்த மறைமொழி" என்று தொல்காப்பியம் சொல்வதும் அப்பேர்ப்பட்டவர்களின் வாக்கைத்தான். மண்ணுக்கடியிலிருந்து தோண்டி எடுத்த நிஜச் சாபங்களைப் படித்தால் சபிக்கும் ஆள் அடியோடு வேறாக இருக்கிறார். போர்வையைத் திருட்டுக் கொடுத்தவர், பையிலிருந்த ஆறு வெள்ளிக் காசைப் பறிகொடுத்தவர், வழக்கில் தோற்றுவிடுவோமோ என்று நடுங்கியவர். எந்த வலிமையும் இல்லாதவர்கள். என் கணிப்பில் சாபம் என்பது வேறு எங்கும் கொடுக்க முடியாத மனு. அதை மந்திரமாகப் பார்க்காமல் மனுவாகப் பார்த்தால் பல விஷயங்கள் விளங்கும்.

இங்கிலாந்தில் பாத் என்ற ஊரில் ஒரு வெந்நீர் ஊற்று இருக்கிறது. சுமார் 46 டிகிரி சூடு. ரோமானியர் ஆட்சியில் அது சூலிஸ் மினெர்வா என்ற தேவியின் கோயில் தீர்த்தம். 1979-80இல் அங்கே அகழாய்வு செய்தபோது சுமார் 130 உலோகத் தகடுகள் கிடைத்தன. ஈயமும் வெள்ளீயமும் கலந்த மெல்லிய தகடுகள், பெரும்பாலானவற்றில் கீறி எழுதிய சாபங்கள். ஈயத்தைத் தேர்ந்தெடுத்ததற்குப் பெரிய ரகசியம் எதுவும் இல்லை. வெள்ளி உருக்கும்போது மலிவாகக் கிடைக்கும், ஆணி முனையால் கீறினாலே எழுத்து விழும், சுருட்ட வரும், தண்ணீரில் போட்டால் மூழ்கும். எழுதியதைச் சுருட்டி அல்லது மடித்து ஊற்றில் எறிந்துவிடுவார்கள். சிலர் எழுத்துகளைத் தலைகீழ் வரிசையில் எழுதியிருக்கிறார்கள். படிக்க வேண்டியது தேவி மட்டும்தானே.

டோசிமீடிஸ் என்பவருக்குக் காணாமல் போனது இரண்டு கையுறை. எடுத்தவன் புத்தியும் கண்ணும் போகவேண்டும் என்று கேட்கிறார். கையுறைக்குக் கண்ணா என்று நமக்குச் சிரிப்பு வரும். ஆனால் கண்டுபிடிக்க முடியாத சின்னத் திருட்டுக்கு எந்த அதிகாரியும் வரமாட்டார். அந்தக் கோபத்தின் அளவைத்தான் கண் காட்டுகிறது. டோசிலியானஸ் என்பவர் இன்னும் விவரமானவர். தன் முக்காட்டு அங்கியைத் திருடியவன் ஆணோ பெண்ணோ, அடிமையோ இல்லையோ, அங்கியைக் கோயிலில் கொண்டுவந்து சேர்க்கும்வரை அவனுக்குத் தூக்கமும் குழந்தையும் இல்லாமல் போகட்டும் என்கிறார்.

இந்த வாசகத்தின் கட்டமைப்பைக் கவனியுங்கள். வக்கீல் எழுதிய பத்திரம் மாதிரி இருக்கும். திருடன் யாரென்று தெரியாததால் "ஆணோ பெண்ணோ" என்று எல்லா ஓட்டையையும் அடைக்கவேண்டும், ஒரு வகையை விட்டால் திருடன் அதில் நுழைந்து தப்பிவிடுவான். பிற்காலத் தகடு ஒன்றில் "கிறிஸ்தவனோ அல்லாதவனோ" என்றே சேர்த்திருக்கிறார்கள், மதம் மாறிக்கொண்டிருந்த காலம் அது. அடுத்து, தொலைந்த பொருளையே சிலர் தேவிக்கு எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். அந்த நிமிஷத்திலிருந்து திருடன் வைத்திருப்பது தேவியின் சொத்து. சிவன் சொத்து குல நாசம் என்று நாம் சொல்வதன் தர்க்கமும் இதேதான். கடைசியாக ஒரு நிபந்தனை: பொருள் திரும்பினால் தண்டனை நிற்கும். பழிவாங்குவதை விட, பொருளைத் திரும்ப வாங்குவதற்கான நெருக்கடி இது.

ஏதென்ஸில் கிடைத்த கி.மு. காலத்துத் தகடுகள் வேறு ரகம். அவை பெரும்பாலும் போட்டியாளர்களைப் பற்றியவை. எதிர்க்கட்சிக்காரன் நீதிமன்றத்தில் பேசமுடியாமல் அவன் நாக்கைக் கட்டுகிறேன் என்று எழுதி, ஆணி அடித்து, கல்லறையில் புதைப்பார்கள். அங்கே திரும்பத் திரும்ப வரும் வினைச்சொல் "கட்டுகிறேன்" என்பதே. வாய்க்கட்டு என்ற சொல்லை அறிந்த நமக்கு அதை விளக்கவேண்டியதில்லை.

இந்த மனுத் தன்மை பழங்காலத்தோடு போய்விடவில்லை. விருத்தாசலம் பக்கத்தில் மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலில் இன்றும் பிராது கட்டுகிறார்கள். பெயர், ஊர், என்ன குறை, யார்மேல் குறை எல்லாவற்றையும் தாளில் எழுதி, சாமி முன்னால் வைத்துப் பூசை செய்து, முனியப்பர் சன்னிதியில் கொண்டுபோய்க் கட்டவேண்டும். மூன்று மாதக் கெடு. காரியம் முடிந்தால் திரும்பி வந்து ராஜினாமா செய்யவேண்டும். வேலையை விடுவதற்கு நாம் சொல்லும் ராஜினாமா இல்லை இது. பாரசீக வழியில் நம் கச்சேரிகளுக்கு வந்த அந்தச் சொல்லுக்குப் பழைய பொருள், இரு தரப்பும் ராஜியாகி வழக்கை முடிக்கும் பத்திரம். பிராது என்பதும் அதே கச்சேரிச் சொல்தான். கச்சேரியில் நடக்காததைக் கோயிலில் நடத்தப் போனவர்கள் கச்சேரியின் பாஷையையும் எடுத்துக்கொண்டே போயிருக்கிறார்கள்.

ஆனைமலை மாசாணியம்மன் கோயிலில் வேறொரு முறை உண்டு. மிளகாய் வற்றலை அரைத்து நீதிக்கல்லில் பூசுகிறார்கள். நியாயம் கிடைத்தபின் எண்ணெய்க்காப்பு செய்து அம்மனைக் குளிர்விக்கவேண்டும். சிவகங்கைப் பக்கம் மடப்புரம் காளி கோயிலில் காசு வெட்டிப் போடுவார்கள். இலங்கையில் சீனிகமவில் சிங்களவர்கள் திருடனுக்கு எதிராக மிளகாய் அரைக்கிறார்கள். சிலாபம் அருகே முன்னேஸ்வரத்தின் காளி கோயிலுக்குத் தமிழரும் போகிறார்கள், சிங்களவரும் போகிறார்கள். மானிடவியலாளர் கணநாத் ஒபேசேகர இந்த மாதிரித் தலங்களுக்கு வந்தவர்களின் குறைகளை ஆராய்ந்து 1975இல் எழுதினார். கொலையில் முடிந்திருக்கக்கூடிய ஆத்திரத்துக்கு இந்த இடங்கள் வாய்க்கால் வெட்டிவிடுகின்றன என்பது அவர் வாதம். சாபத்தை வெறும் அறியாமை என்று தள்ளிவிடுகிறவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கவேண்டும்.

மன்னர்களும் சபித்திருக்கிறார்கள், ஆனால் தங்கள் கை எட்டாத இடத்துக்கு மட்டும். சோழர் காலக் கோயில் கல்வெட்டுகளில், தானத்தைக் கெடுப்பவன் "கங்கையிடைக் குமரியிடைச் செய்தார் செய்த பாவம் கொள்வான்" என்று வரும். பின்னாளில் கங்கைக் கரையில் காராம்பசுவைக் கொன்ற தோஷம் என்று மாறுகிறது. தான் உயிரோடு இருக்கும்வரை மன்னனுக்குச் சாபம் தேவையில்லை, படை இருக்கிறது. இருநூறு வருஷம் கழித்து வரும் அதிகாரியை என்ன செய்வது? அதற்குத்தான் இந்த வரி. மகாராஷ்டிரத்தில் ஷிலாஹாரர் காலத்துக் கற்களில் எழுத்தோடு கழுதைப் படமும் செதுக்கியிருப்பார்கள், படிக்கத் தெரியாதவனுக்கும் திட்டு விளங்கவேண்டுமே.

சரி, பலிக்குமா?

கி.பி. 19இல் ரோமானிய இளவரசர் ஜெர்மானிக்கஸ் அந்தியோக்கியாவில் நோயில் விழுந்தார். அவர் வீட்டின் தரையையும் சுவரையும் இடித்துப் பார்த்தபோது மனித எலும்புகள், அவர் பெயர் பொறித்த ஈயத் தகடுகள், பாதி எரிந்த சாம்பல் எல்லாம் கிடைத்தன. வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் இதை எழுதும்போது ஒரு வரி சேர்க்கிறார்: சிரியாவின் ஆளுநர் பீசோ தனக்கு விஷம் வைத்துவிட்டான் என்ற ஜெர்மானிக்கஸின் நம்பிக்கையே நோயின் கொடுமையைக் கூட்டியது. இன்றைய மருத்துவம் நோசிபோ என்று சொல்வதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்லமுடியாது.

கெடுதல் வரும் என்ற எதிர்பார்ப்பே கெடுதலை உண்டாக்குவதுதான் நோசிபோ. 2007இல் வெளியான இத்தாலிய ஆய்வில், புராஸ்டேட் வீக்கத்துக்குப் பினாஸ்டரைடு மாத்திரை சாப்பிட்டவர்களை இரண்டாகப் பிரித்தார்கள். தாம்பத்தியத்தில் குறை வரலாம் என்று முன்கூட்டியே சொல்லப்பட்டவர்களில் சுமார் 44 சதவீதம் பேர் அந்தக் குறையைச் சொன்னார்கள். சொல்லப்படாதவர்களில் சுமார் 15 சதவீதம். மாத்திரை ஒன்றேதான். அதே ஆண்டு அமெரிக்காவிலிருந்து வந்த இன்னொரு மருத்துவக் குறிப்பில், மனச்சோர்வு மருந்துச் சோதனையில் இருந்த 26 வயது இளைஞர் தற்கொலை எண்ணத்தில் 29 மாத்திரைகளை விழுங்கிவிட்டு மருத்துவமனைக்கு ஓடுகிறார். ரத்த அழுத்தம் 80/40க்கு இறங்கிவிட்டது. மணிக்கணக்கில் சலைன் ஏற்றியும் அழுத்தம் சரியாக நிற்கவில்லை. பிறகு சோதனை நடத்திய இடத்திலிருந்து தகவல் வந்தது: அவை மருந்தே இல்லாத வெற்று மாத்திரைகள். அதைக் கேட்ட கொஞ்ச நேரத்தில் அழுத்தம் சரியாகிவிட்டது.

ஆகவே, சபிக்கப்பட்டவருக்குச் சாபம் தெரிந்திருந்து அவர் அதை நம்பவும் செய்தால், தூக்கம் கெடும், படபடப்பு வரும், வயிறு கெடும். டோசிலியானஸ் தூக்கத்தைக் குறிவைத்தது தற்செயலாகக்கூட இருக்கலாம், ஆனால் சரியான இலக்கு. தெரியாதவர்மேல் இது வேலை செய்ததற்கு ஆதாரம் இல்லை. ஊரறியச் சபிப்பதும், மண்ணை வாரித் தூற்றுவதும், மிளகாய் அரைத்ததை நாலு பேர் காதில் போடுவதும் ஏன் முக்கியம் என்பது இதில் புரியும்.

"சாபத்தாலேயே சாவு" என்பதை மட்டும் ஜாக்கிரதையாக எடுத்துக்கொள்ளுங்கள். ஹார்வர்டு உடலியலாளர் வால்டர் கேனன் 1942இல் அதைப் பற்றி எழுதிய கட்டுரையை எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். அவர் நம்பியிருந்தது பயணிகளும் மருத்துவர்களும் சொன்ன செய்திகளை. பின்னால் வந்தவர்கள் எளிய கேள்வி ஒன்று கேட்டார்கள்: சபிக்கப்பட்டவருக்கு யாராவது தண்ணீர் கொடுத்தார்களா? சுற்றத்தார் அவரைச் செத்தவர் கணக்கில் வைத்து, சோறும் தண்ணீரும் நின்றுபோனால், சாவுக்கு நீரிழப்பே போதும்.

சபித்தவர் மனசும் வேடிக்கையானது. 2006இல் எமிலி பிரோனினும் சக ஆய்வாளர்களும் நடத்திய சோதனையில், பங்கேற்பவர்கள் ஒரு பொம்மையில் ஊசி குத்தவேண்டும். பொம்மைக்கு உரியவராக நடித்தவர் சிலரிடம் முன்கூட்டியே முரட்டுத்தனமாக நடந்துகொண்டார். பிறகு லேசாகத் தலை வலிக்கிறது என்றார். முரட்டுத்தனத்தைப் பார்த்து மனசுக்குள் எரிச்சல்பட்டவர்கள்தான், அந்தத் தலைவலிக்குத் தாங்களே காரணம் என்று மற்றவர்களைவிட அதிகமாக நினைத்தார்கள். எல்லாம் படித்த பிள்ளைகள். நினைப்பு முன்னால் வந்து, நிகழ்ச்சி பின்னால் வந்து, இரண்டும் ஒத்துப்போனால் போதும்.

"படித்தவர்கள்கூட ஏன்" என்ற உங்கள் கேள்விக்கு ஆப்பிரிக்காவின் அசாண்டே மக்களிடம் நல்ல பதில் இருக்கிறது. தானியக் குதிர் சரிந்து, நிழலுக்கு உட்கார்ந்தவர்கள்மேல் விழுகிறது. கால்களைக் கரையான் அரித்தது அவர்களுக்கும் தெரியும் என்று மானிடவியலாளர் ஈவான்ஸ் பிரிச்சர்ட் எழுதுகிறார். ஆனால் இவர்கள் உட்கார்ந்த நேரத்தில் ஏன் சரிந்தது? கரையான் அதற்குப் பதில் சொல்லாது, சூனியம் சொல்லும். எம்.டி. படித்தவருக்கும் புற்றுநோய் எப்படி வருகிறது என்று தெரியும். "என் பிள்ளைக்கு ஏன்" என்பதற்குப் பாடப்புத்தகத்தில் அத்தியாயம் கிடையாது.

மீதியெல்லாம் எண்ணுவதில் வரும் பிழை. எகிப்து மன்னன் துட்டன்காமன் கல்லறையைத் திறந்த கார்னர்வன் பிரபு 1923 ஏப்ரலில் இறந்ததும் உலகமே சாபம் என்றது. கொசுக்கடியைச் சவரக்கத்தி கீறி, ரத்தத்தில் விஷமேறி, நிமோனியாவும் சேர்ந்துகொண்டது. அவர் அதற்குப் பல வருஷம் முன்பே கார் விபத்தில் உடம்பு கெட்டவர். செய்தி உரிமை லண்டன் டைம்ஸுக்கு விற்கப்பட்டிருந்ததால் மற்றப் பத்திரிகைகளுக்கு எழுத வேறு சரக்கில்லை. 2002இல் மார்க் நெல்சன் என்பவர் அப்போது எகிப்தில் இருந்த 44 மேலை நாட்டவரைக் கணக்கெடுத்தார். கல்லறையோடு தொடர்புள்ளவர்கள் 25 பேர், சராசரியாக 70 வயதில் இறந்தார்கள். மற்றவர்கள் 75. இவ்வளவு சின்னக் கூட்டத்தில் அந்த வித்தியாசம் தற்செயலில் அடங்கிவிடும். முதலில் நுழைந்த ஹோவர்ட் கார்ட்டர் 1939வரை இருந்தார்.

சாபத்தின் விதிகள் நடுவில் மாறுவதையும் பாருங்கள். 1610இல் மைசூர் ராஜ உடையார் ஸ்ரீரங்கப்பட்டணத்தைப் பிடித்தபோது, அங்கிருந்த விஜயநகர ஆளுநரின் மனைவி அலமேலம்மா காவிரியில் குதிக்கும் முன் தலக்காடு மணலாகட்டும், மைசூர் அரசருக்குப் பிள்ளையில்லாமல் போகட்டும் என்று சபித்ததாகக் கதை. தலக்காடு சோழர் ராஜராஜபுரம் என்று பெயரிட்ட ஊர். காவிரி வளைந்து ஓடும் இடம், கோடையில் ஆற்றுமணல் காற்றில் ஏறும். வாரிசு விஷயத்தில் பத்தாம் சாமராஜருக்கு 1884இல் நால்வடி கிருஷ்ணராஜர் பிறந்தார். ஜெயசாமராஜருக்கு 1953இல் மகன் பிறந்தார். உடனே "ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை" என்று சாபம் திருத்தப்பட்டது. 2017 டிசம்பரில் தத்துப்பிள்ளையாக வந்த யதுவீருக்கு மகன் பிறந்தபோது, சாபம் நீங்கியது என்று செய்தி போட்டார்கள். ஒருவர்கூட "அப்படியென்றால் அது முதலிலேயே இல்லையோ" என்று தலைப்பிடவில்லை.

உங்கள் வீட்டில் யாராவது சாபம் பட்டதாக நம்பிக்கொண்டிருந்தால், நம்பிக்கையோடு மல்லுக்கட்டாதீர்கள், அது இறுகத்தான் செய்யும். தூக்கம், எடை, ரத்த அழுத்தம், சர்க்கரை, தைராய்டு பார்த்துவிடுங்கள். சாபத்துக்கு முன்பு நடந்த கெட்டவற்றையும் பின்பு நடந்த நல்லவற்றையும் தேதியோடு ஒரே தாளில் அவரையே எழுதச் சொல்லுங்கள். பரிகாரத்துக்கு ஒரு தொகை சொல்லிவிட்டு, அடுத்த வாரம் "இன்னும் ஆழமாக இருக்கிறது" என்று இரண்டாவது தொகை கேட்கும் ஆளிடமிருந்து உடனே விலகுங்கள். சபித்தவர் உயிரோடு இருந்து, வாங்கிய கடனோ வரப்புத் தகராறோ நிஜமாகவே பாக்கியிருந்தால், போய்த் தீர்த்துவிட்டு அவர் வாயாலேயே "ஒன்றுமில்லை, போ" என்று சொல்லவைப்பது எந்தப் பூசையையும்விட மலிவு. கொளஞ்சியப்பர் கோயிலில் அந்த ராஜினாமாவுக்கு இடம் வைத்திருப்பதும் இதற்காகத்தான்.