‘சர்வீஸ் ஆன வாட்ச்தான்’ என்றார்கள், நம்பலாமா?

கைமாறி வந்த உயர்ரக வாட்ச்சுகள் பற்றித்தான் இந்த முறை நிறையக் கடிதங்கள். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்து, சிலவற்றுக்கு மட்டும் விரிவாகப் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: ஐயா, 1990-களின் நடுவில் வந்த ரோலெக்ஸ் டேட்ஜஸ்ட் ஒன்றை, ஆண்கள் அணியும் 36 மி.மீ. அளவு, செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். ரொம்ப நாள் ஆசை. “போன வருஷம்தான் சர்வீஸ் ஆச்சு, இன்னும் அஞ்சு வருஷத்துக்குக் கையே வைக்க வேண்டாம்” என்றார் விற்றவர். பில் எதுவும் தரவில்லை. ஒரு நாளைக்கு மூன்று நான்கு விநாடிதான் கூடுதலாக ஓடுகிறது. உடனே சர்வீஸுக்கு விட வேண்டுமா, ஓடும் வரை ஓடட்டும் என்று விட்டுவிடலாமா?

பதில்: பில் இல்லாத சர்வீஸை நடக்காத சர்வீஸாகவே வைத்துக்கொள்ளுங்கள். விற்றவர் பொய் சொன்னார் என்று நான் சொல்ல வரவில்லை. அவருக்கு விற்றவர் சொன்னதை அவர் உங்களிடம் அப்படியே சொல்லியிருக்கலாம். ஆனால் கேஸை (மெஷினை மூடியிருக்கும் உலோகக் கூட்டை) பளபளவென்று தேய்த்து, ஓட்டத்தைக் கொஞ்சம் திருத்திவிட்டு, சர்வீஸ் செய்ததாகச் சொல்லி விற்கிற பழக்கம் இந்த வியாபாரத்தில் உண்டு. என் மேசைக்கு வந்த பல வாட்ச்சுகளைத் திறந்து பார்த்துத் தெரிந்துகொண்ட விஷயம் இது.

நேரம் சரியாகக் காட்டுகிறதே என்பீர்கள். மூன்று நான்கு விநாடி நல்ல கணக்குதான். நேரத் துல்லியத்துக்காக ஸ்விட்சர்லாந்தில் தரும் குரோனோமீட்டர் சான்றிதழே ஒரு நாளைக்கு 4 விநாடி குறைவிலிருந்து 6 விநாடி கூடுதல் வரை ஏற்றுக்கொள்கிறது. ஆனால் எண்ணெய் வற்றிப்போன மெஷினையும் திருத்தி நேரத்தைச் சரியாகக் காட்ட வைத்துவிடலாம். அதனால் விநாடிக் கணக்கை மட்டும் பார்த்து உள்ளே எல்லாம் நலம் என்று முடிவு கட்ட முடியாது.

உங்கள் வாட்ச்சில் இருப்பது 3135 என்ற மெஷின். 1988-ல் வந்தது, அருமையான மெஷின். விநாடிக்கு 8 துடிப்பு, அதாவது ஒரு நாளைக்கு 6,91,200. இத்தனை துடிப்பையும் தாங்குவது மிக மெல்லிய எஃகு அச்சுகளும், அவற்றைச் சுற்றியிருக்கிற செயற்கை மாணிக்கக் கற்களும், இடையில் ஒரு துளி எண்ணெயும்தான். கல் தேயாது, எஃகும் சீக்கிரம் தேயாது. முதலில் வயதாவது எண்ணெய்க்குத்தான். அது கெட்டியாகும், இடம் விட்டு நகரும், வற்றும். அதன்பிறகும் வாட்ச் ஓடும், அதுதான் ஆபத்து. உலர்ந்த அச்சு உரசி உரசி உலோகத் தூள் உதிர்கிறது. அந்தத் தூள் மிச்ச எண்ணெயோடு கலந்து கறுப்பு விழுதாகி, சாணை பிடிப்பதைப்போல் அச்சையே அரிக்கத் தொடங்கிவிடும். எண்ணெய் மாற்றிச் சரியாகியிருக்க வேண்டியது, சக்கரம் மாற்றினால்தான் சரியாகும் என்ற நிலைக்குப் போய்விடும்.

அதனால் முதல் வேலையாக ஒரு நல்ல வாட்ச் மெக்கானிக்கிடம் கொடுத்து டைம்கிராஃபரில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். டிக் சத்தத்தை மைக்கில் கேட்டு அளக்கிற சின்னக் கருவி அது. விநாடிக் கணக்கோடு ‘ஆம்ப்ளிட்யூட்’ என்று ஓர் எண்ணும் திரையில் வரும். முன்னும் பின்னுமாக ஆடி நேரத்தை அளக்கிற பேலன்ஸ் வீல் என்ற சக்கரம் ஒவ்வொரு வீச்சிலும் எத்தனை டிகிரி போகிறது என்பதைச் சொல்கிற எண் அது. முழுச் சாவி கொடுத்து, டயல் மேலே பார்த்திருக்கும்படி வைத்தால் 270-லிருந்து 310 வரை இருப்பது ஆரோக்கியம். 24 மணி நேரம் சும்மா வைத்துவிட்டு மறுபடி பாருங்கள். 200-க்குக் கீழே இறங்கிவிட்டதென்றால் தள்ளிப்போடாதீர்கள். கருவியில் ‘லிஃப்ட் ஆங்கிள்’ (மெஷினுக்கு மெஷின் மாறுகிற ஒரு கோண அளவு) 52 என்று வைக்கச் சொல்லவும் மறக்க வேண்டாம், இந்த மெஷினுக்கு அதுதான் சரி. தப்பான கோணத்தில் வைத்தால் ஆம்ப்ளிட்யூட் எண்ணும் தப்பாகத்தான் வரும்.

அந்தக் கருவிக்கும் தெரியாத ஓர் இடம் இருக்கிறது: தானாகச் சாவி ஏற்றுகிற பகுதி. 3135-ல் அடிக்கடி அடிபடுவது ரோட்டாரின், அதாவது கை அசைவில் சுழன்று சாவி ஏற்றுகிற எடையின், அச்சுதான். அது தேய்ந்தால் ரோட்டார் லேசாகச் சாய்ந்து கீழே இருக்கிற தகட்டில் உரசும். பின்மூடியைத் திறந்ததும் நீங்களே பார்க்கலாம். வெள்ளி நிறத் தகட்டில் பிறை வடிவத்தில் ஒரு கீறல் விழுந்திருக்கும், ஓரத்தில் பொடி ஒட்டியிருக்கும். சிவப்பு நிறத்தில் இரண்டு சக்கரங்கள் தெரியும், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், அவற்றின் நிறமே அதுதான். காதருகே வைத்து மெதுவாக ஆட்டினால் சுழல்கிற மெல்லிய சத்தம் கேட்கலாம். கரகரவென்று உரசினால் உடனே சர்வீஸ்தான்.

மூடியைத் திறந்தபோதே அதன் உள்பக்கத்தை லூப் (உருப்பெருக்கிக் கண்ணாடி) வைத்துப் பாருங்கள். சர்வீஸ் செய்தவர்கள் ஊசி முனையால் பொடி எழுத்தில் ஒரு குறியும் தேதியும் கீறி வைக்கிற வழக்கம் உண்டு. சில மூடிகளில் நான்கைந்து பேருடைய கையெழுத்துகூட இருக்கும். எனக்கு இந்த வேலையில் மிகவும் பிடித்த நேரம் அவற்றைப் படிக்கிற நேரம்தான். கடைசித் தேதி போன வருடம் என்று இருந்தால் உங்களிடம் விற்றவர் சொன்னதற்கு ஓர் ஆதாரம் கிடைத்தது. எல்லாரும் எழுதுவதில்லை என்பதால், இல்லாவிட்டால் அதை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள். திருகுகளின் தலையையும் பாருங்கள். ஓரம் பிய்ந்து நசுங்கியிருந்தால் பொருந்தாத திருப்புளியோடு யாரோ உள்ளே போயிருக்கிறார்கள்.

எல்லாம் நன்றாக இருந்தால் அந்த எண்களை எழுதி வைத்துக்கொண்டு தாராளமாகக் கட்டுங்கள், அடுத்த வருடம் மறுபடி அளந்து பாருங்கள். ஒன்று சரியில்லை என்றாலும் இப்போதே முழு சர்வீஸ். என்னைக் கேட்டால், கிட்டத்தட்ட 30 வயதான, வரலாறு தெரியாத ஒரு மெஷினுக்கு எண் சுமாராக இருந்தாலே சர்வீஸ் செய்துவிடுவேன். அதன்பிறகு ரோலெக்ஸே சொல்வது ஏறக்குறைய 10 வருடத்துக்கு ஒரு முறை. ஒமேகா 5 முதல் 8 வருடம் என்கிறது.

கேள்வி: வாங்கிய வாட்ச்சை கம்பெனி சர்வீஸ் சென்டரில் கொடுப்பதா, தனி மெக்கானிக்கிடம் கொடுப்பதா? கம்பெனியில் கொடுத்தால் புதுசு போல் ஆக்கித் தருவார்கள் என்கிறார் என் மாமா. டயலில் இருக்கிற புள்ளிகள் இருட்டில் ஒளிர்வதே இல்லை, அதையும் மாற்றிவிடலாமா?

பதில்: உங்கள் மாமா சொல்வது உண்மை. நான் உங்களை எச்சரிக்க நினைப்பதும் அந்தப் ‘புதுசு போல்’ என்பதைப் பற்றித்தான்.

ஒளிராத புள்ளியிலிருந்து தொடங்குகிறேன். டயலின் அடிப்பகுதியில் ‘ஸ்விஸ்’ என்ற எழுத்துகளின் பக்கத்தில் ஆங்கில ‘டி’ இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அது டிரிட்டியம், கதிர்வீச்சால் ஒளிர்கிற பூச்சு. அதன் அரை ஆயுள், அதாவது அது பாதியாகக் குறைய ஆகும் காலம், 12.3 வருடம். 1990-களில் பூசியது இன்று ஒளிராமல் இருப்பது இயற்கைதான், பழுது என்று எண்ண வேண்டாம். வயதாக ஆக அது இளமஞ்சளாகி, தேன் நிறத்துக்குக்கூட வரும். முள்ளில் இருக்கிற பூச்சும் டயலில் இருக்கிற பூச்சும் ஒரே நிறத்தில் பழுத்திருந்தால் இரண்டும் ஒன்றாகவே வயதாகியிருக்கின்றன என்று பொருள். பழைய வாட்ச் சேகரிப்பவர்கள் தேடுவதே இதைத்தான். இதைக் கழற்றிப் போட்டுவிட்டுப் பளிச்சென்று ஒளிரும் புது டயலை மாட்டினால், வாட்ச்சின் மதிப்பு பெரும்பாலும் இறங்கும், பழைய டயலும் உங்கள் கையை விட்டுப் போய்விடும். மாற்றாதீர்கள்.

பாலிஷ் இன்னும் கவலைக்குரியது. ஸ்ட்ராப் மாட்டுகிற நான்கு கொம்புகளின் விளிம்பை விரல் நகத்தால் தடவிப் பாருங்கள். கூர்மையாக, ஒரே கோடாக ஓடினால் அந்த கேஸ் அதிகம் தேய்க்கப்படாதது. சோப்புக்கட்டி போல் வழுவழுவென்று உருண்டிருந்தால் பல முறை பாலிஷ் ஆகிவிட்டது. பாலிஷ் என்றாலே உலோகத்தைச் சுரண்டி எடுப்பதுதான். கீறல் எந்த ஆழத்துக்கு இருக்கிறதோ அந்த ஆழம் வரை மொத்தப் பரப்பையும் இறக்க வேண்டும். லேசரில் உலோகம் சேர்த்து விளிம்பை மீட்கிற கைகாரர்கள் இருக்கிறார்கள், ஆனால் மிகக் குறைவு. கையில் கட்டிய வாட்ச்சில் கீறல் இருக்கத்தான் செய்யும். விட்டுவிடுங்கள்.

கம்பெனி சென்டர்களில் பெரும்பாலும் முழு சர்வீஸோடு பாலிஷும் சேர்ந்தே வரும். வேண்டாம் என்று சொன்னால் செய்ய மாட்டார்கள், ஆனால் நீங்கள் சொல்ல வேண்டும். வாயால் சொன்னால் போதாது. ‘பாலிஷ் வேண்டாம், டயல், முள், பெஸல் (கண்ணாடியைச் சுற்றியிருக்கிற வளையம்) எதையும் என்னைக் கேட்காமல் மாற்ற வேண்டாம், மாற்றிய பாகங்களைத் திருப்பித் தர வேண்டும்’ என்று ரசீதிலேயே எழுத வைத்து, நகல் வாங்கிக்கொள்ளுங்கள். சில கம்பெனிகள் பழைய பாகத்தைத் திருப்பித் தருவதில்லை, அதை வைத்துக்கொண்டுதான் புதியதைத் தருகின்றன. அப்படி என்றால் வாட்ச்சை ஒப்படைப்பதற்கு முன்னாலேயே உங்களுக்குத் தெரிந்துவிடும்.

கம்பெனியின் பலம், அசல் பாகமும் உத்தரவாதமும். ரோலெக்ஸ் சர்வீஸுக்கு 2 வருட உத்தரவாதம் தருகிறது. வாட்ச் உண்மையானதா என்பதும் அங்கேயே தெரிந்துவிடும். கம்பெனியுடையது அல்லாத வேறு டயலோ, பிற்பாடு யாரோ பதித்த வைரமோ இருந்தால் சர்வீஸ் செய்ய மறுத்துவிடுவார்கள், அல்லது அசல் பாகத்தை உங்கள் செலவில் போட வேண்டும் என்பார்கள். திருட்டுப்போனதாகப் பதிவாகியிருக்கிற எண் என்றால் வாட்ச் திரும்பி வராமலே போகலாம். அதனால் சீரியல் எண்ணைச் சரிபார்க்கிற வேலையை வாங்கும்போதே முடித்துவிடுவது நல்லது.

தனி மெக்கானிக்கின் பலம், நீங்கள் அவரோடு உட்கார்ந்து பேசலாம், உங்கள் வாட்ச்சை உங்கள் விருப்பப்படி வைத்திருப்பார். பழைய டயல் வாட்ச் என்றால் என் ஓட்டு நல்ல தனி மெக்கானிக்குக்கே. ஆனால் எந்த மெக்கானிக் என்பதில் கண்டிப்பாக இருங்கள். “இந்த மெஷினுக்குப் பாகம் தேவைப்பட்டால் எங்கிருந்து வரும்?” என்று முதலில் கேளுங்கள். பல ஸ்விஸ் கம்பெனிகள் தாங்கள் அங்கீகரித்தவர்களுக்கு மட்டும்தான் பாகம் தருகின்றன. அப்புறம், “முழுசாகப் பிரிப்பீர்களா?” என்று கேளுங்கள். பிரிக்காமல் அப்படியே திரவத்தில் அலசி எண்ணெய் விடுகிறவர்கள் இருக்கிறார்கள். அது சர்வீஸே இல்லை. அழுக்கு கரைந்து அதே ஓட்டைகளில் போய் மறுபடி உட்காரும்.

எத்தனை வகை எண்ணெய் வைத்திருக்கிறார் என்பதையும் விசாரியுங்கள். மெதுவாக, அழுத்தத்தோடு சுழலும் மெயின் ஸ்பிரிங் (வாட்ச்சை ஓட்டுகிற விசைச் சுருள்) பக்கம் கெட்டியானது வேண்டும், வேகமாக ஆடும் பேலன்ஸுக்கு மெல்லியது, பேலட் (சக்கரத்தைத் துடிப்புக்குத் துடிப்பு தடுத்து விடுகிற நெம்புகோல்) கற்களின் நுனிக்கு வேறொரு கிரீஸ். பேலட்டின் அச்சுக்கு எண்ணெயே விடுவதில்லை. இதை உற்சாகமாக விளக்கிச் சொல்கிறவர் கிடைத்தால் அவரை விடாதீர்கள். வேலை முடிந்ததும் டைம்கிராஃபர் எண்களையும், மாற்றிய பாகங்களின் பட்டியலையும் எழுத்தில் வாங்குங்கள். உங்கள் வாட்ச்சுக்கு இனிமேலாவது ஒரு வரலாறு இருக்கட்டும்.

கேள்வி: ஐயா, முதல் சம்பளங்களைச் சேர்த்து ஒரு பழைய ஒமேகா ஆட்டோமேடிக் வாங்கினேன். நன்றாக ஓடிக்கொண்டிருந்தது, திடீரென்று ஒரு நாளைக்கு ஐந்தாறு நிமிடம் முந்துகிறது. ஏமாந்துவிட்டேனா?

பதில்: மனதைத் தளரவிடாதீர்கள் தம்பி. திடீரென்று இவ்வளவு முந்தினால் முதலில் சந்தேகப்பட வேண்டியது காந்தத்தை. பேலன்ஸ் வீலை ஆட்டுகிற மெல்லிய ஸ்பிரிங்கான ஹேர்ஸ்பிரிங்கின் சுருள்கள் காந்தமேறி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் ஸ்பிரிங்கின் நீளம் குறைந்ததுபோல் ஆகி, பேலன்ஸ் படபடவென்று ஆடும். ஒரு சாதாரண திசைகாட்டியின் அருகே வாட்ச்சைக் கொண்டுபோங்கள், ஊசி அசைந்து திரும்பினால் பெரும்பாலும் அதுவேதான். காந்தம் நீக்கும் கருவியில் மெக்கானிக் சில விநாடிகளில் எடுத்துவிடுவார். அப்படியும் முந்தினால் ஹேர்ஸ்பிரிங்கில் எண்ணெய் பட்டிருக்கலாம், அல்லது சுருள் சிக்கியிருக்கலாம், அப்போது திறந்துதான் பார்க்க வேண்டும். ஸ்பீக்கர், டேப்லட் உறை, கைப்பையின் காந்தப் பட்டன் இவற்றின் மேல் வைக்காதீர்கள். 2015-லிருந்து வரும் ஒமேகா மாஸ்டர் குரோனோமீட்டர்கள் 15,000 காஸ் (காந்தப்புலத்தை அளக்கிற அலகு) வரை தாங்குவதாகச் சோதிக்கப்பட்டவை. உங்களுடையது அதற்கு முந்தையது என்றால் இந்த ஜாக்கிரதை வேண்டும்.

கேள்வி: டயலில் 100 மீட்டர் என்று போட்டிருக்கிறது. செகண்ட் ஹேண்டில் வாங்கியது. நீச்சலுக்குக் கட்டிப் போகலாமா?

பதில்: இப்போது போகாதீர்கள். அந்த எண் புது வாட்ச்சுக்கு எழுதியது. தண்ணீரைத் தடுப்பது பின்மூடியிலும் கிரவுனிலும் (சாவி கொடுக்கிற குமிழ்) கண்ணாடியைச் சுற்றியும் இருக்கிற வளையங்கள்தான், அவை காய்ந்து தட்டையாகிவிடும். திருகி மூடும் கிரவுன் என்றால் அதன் மரையும் தேய்ந்திருக்கலாம். முதலில் பிரஷர் டெஸ்ட் செய்யச் சொல்லுங்கள். காற்றழுத்தத்தில் கேஸ் எவ்வளவு நெளிகிறது என்று பார்க்கிற கருவியில் செய்தால் வாட்ச் தண்ணீரையே தொடாது. அதில் தேறி, கண்ணாடியை லேசாகச் சூடாக்கி மேலே ஒரு குளிர்ந்த நீர்த்துளி வைத்துப் பார்த்தும் உள்ளே பனி படியவில்லை என்றால் நீந்தலாம். பின்மூடி ஒவ்வொரு முறை திறக்கப்பட்ட பிறகும் இந்தச் சோதனை அவசியம். தேறினாலும் வெந்நீர்க் குளியலுக்கும் நீராவி அறைக்கும் கட்டிப் போக வேண்டாம்.

கேள்வி: கார்டியே குவார்ட்ஸ் வாட்ச் ஒன்று வாங்கினேன். பேட்டரி தீர்ந்து ரொம்ப நாள் ஆனதாம். பேட்டரி மட்டும் போட்டால் போதுமா?

பதில்: பழைய பேட்டரியை இன்றைக்கே எடுத்துவிடச் சொல்லுங்கள் அம்மா, மற்றதெல்லாம் அப்புறம். தீர்ந்த பேட்டரி உள்ளேயே கசிந்தால் சர்க்யூட்டை அரித்துவிடும். புதியது போட்ட பிறகு மெஷின் எவ்வளவு மின்சாரம் இழுக்கிறது என்று அளக்கச் சொல்லுங்கள். அந்த மெஷினுக்கு உரிய அளவைவிட அதிகம் என்றால் சக்கரங்களில் எண்ணெய் காய்ந்திருக்கிறது, குவார்ட்ஸுக்கும் சர்வீஸ் உண்டு. அளவு சரியாக இருந்தால் பேட்டரியோடு பின்மூடியின் வளையத்தையும் மாற்றிக்கொண்டு கட்ட ஆரம்பித்துவிடலாம்.