கேளுங்க சொல்றோம்: சிங்கப்பூர்ல பழைய சர்ச்சும் ரெண்டாங் சோறும்

கேள்வி: பொண்ணு சிங்கப்பூர்ல வேலை பாக்குறா, அடுத்த மாசம் நானும் அவரும் போறோம். பழைய சர்ச் பாக்கணும், இந்தோனேஷியா சாப்பாடு ஒரு தடவை சாப்பிடணும். நாங்க மாடு சாப்பிட மாட்டோம். எங்க போகலாம்?
- வாசகி, மயிலாடுதுறை

பதில்: ஒரே நாள்ல ரெண்டையும் முடிச்சிடலாம்க்கா. காலைல ஓஃபிர் ரோட்டுல இருக்குற லூர்து மாதா கோயிலுக்குப் போங்க, 1888ல கட்டுனது, தமிழ்க் கத்தோலிக்கருக்காகவே வந்த கோயில், இன்னைக்கும் தமிழ்ல பூசை உண்டு, வேளாங்கண்ணி போயிட்டு வந்த மாதிரியே இருக்கும். அங்கேர்ந்து நடக்குற தூரத்துல கம்போங் கிளாம்னு பழைய மலாய்க்காரங்க பகுதி, அங்க நாசி படாங் கடைல மதியச் சோறு. சுமத்ராவோட மினாங்கபாவ் மக்கள் சமையல் அது, கண்ணாடிக்குப் பின்னால வரிசையா வச்சிருப்பாங்க, விரலக் காட்டுனா தட்டுல வச்சுத் தருவாங்க. தேங்காப்பால்ல மசாலா போட்டுச் சுண்ட வைக்கிற ரெண்டாங்னா பெரும்பாலும் மாட்டுக்கறி, அதனால 'டாகிங்'னு சொன்னா வேணாம்னுடுங்க, 'ஆயாம்' கோழி, 'இக்கான்' மீனு. சோயாவப் புளிக்க வச்சுப் பொரிச்ச தெம்பே கட்டாயம் கேளுங்க. சம்பால்ங்கிற மொளகாத் தொவையல்ல எறா விழுது இருக்கும், நம்ம நாகப்பட்டினம் கருவாட்டு வாசனைக்குப் பழகுனவங்களுக்கு அதெல்லாம் ஒண்ணுமே இல்ல!

சாயங்காலம் ஆர்மீனியன் சர்ச், 1835ல கட்டுனது, சிங்கப்பூர்லயே பழசு. செயின்ட் ஆண்ட்ரூஸ் கதீட்ரலயும் விட்டுடாதீங்க. இந்தியாலேர்ந்து கொண்டுபோன கைதிங்க உழைப்புல எழும்புனது, சுவத்துக்கு முட்டை வெள்ளை, சர்க்கரை, சுண்ணாம்பு கலந்த மெட்ராஸ் சுண்ணாம்புப் பூச்சு. தரங்கம்பாடில 1718ல கட்டுன புது எருசலேம் ஆலயம் உங்களுக்குப் பக்கந்தானே, அதை ஒரு நடை பாத்துட்டு விமானம் ஏறுங்க.