மறு: கட்டி சார்க் பாய்மரம் வளைகிறது

வணக்கம் தம்பி. கிளிநொச்சியில் ஒருவர் ‘கட்டி சார்க்’ (Cutty Sark) என்ற பாய்க்கப்பலின் பழைய ரெவெல் பிளாஸ்டிக் மாதிரியை (1/96 அளவு) கட்டுகிறார் என்று வாசிக்கவே சந்தோஷமாக இருக்கிறது. கயிறு கட்டி இழுத்ததும் பாய்மரங்கள் வளைவது உங்கள் கைப்பிழை இல்லை. அந்த மெல்லிய பிளாஸ்டிக் இழுவையைத் தாங்காது.

கீழ்மரம் (பாய்மரத்தின் அடிப்பகுதி) இரண்டு பாதி என்று எழுதியிருந்தீர்கள். ஒட்டுமுன் உள்ளே ஒரு சைக்கிள் சில்லுக் கம்பியை வையுங்கள், 2 மி.மீ. தடிப்புப் போதும். பிளாஸ்டிக் பசை இரும்பில் பிடிக்காது, எபொக்சி பாவியுங்கள். மேல்மரங்களுக்கு மூங்கிலைச் சீவித் தேய்த்து எடுங்கள். பழையதை எறிய வேண்டாம், அளவு பார்க்க வேண்டும்.

கயிறாகக் கட்டும் நூலைத் தேன்மெழுகுக் கட்டியில் ஓரிரு தரம் இழுத்தால் பிசிறு படிந்துவிடும். முல்லைத்தீவுப் பக்கம் காட்டுத்தேன் எடுப்பவர்களிடம் மெழுகு கேட்டுப் பாருங்கள். கட்டும்போது முதலில் முன்பக்கக் கயிறு, அப்புறம் இடம் ஒன்று, வலம் ஒன்று என்று மாறி மாறி. ஒரு பக்கத்தை முழுதாக முடித்தால் மரம் அந்தப் பக்கம் சாயும்.

பிளாஸ்டிக் பாய்கள் தடிப்பாகத் தெரிகின்றன என்றால் விட்டுவிடுங்கள். கிரீனிச்சில் நிற்கும் 1869ஆம் ஆண்டுக் கப்பலே பாயில்லாமல்தான் நிற்கிறது, அதன் அழகு குறையவில்லை. ஆனால் பாய் தொங்கும் மேல் குறுக்குமரங்கள் சிலதைக் கொஞ்சம் இறக்கி வையுங்கள். பாய் விரிக்கும்போதுதான் அவற்றை உயர்த்துவார்கள்.