மண் மூடுவதற்கு முன்: வீட்டுக் குடிநீர் இணைப்பு பற்றிய உங்கள் கேள்விகள்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைப் பற்றியவை: தெருக் குழாயிலிருந்து நம் வீட்டுச் சம்ப் வரைக்கும் மண்ணுக்குள் ஓடும் அந்த இருபது முப்பது அடி பைப். பாதாளச் சாக்கடைக்காக ஒரு தடவை, புதுக் குடிநீர்க் குழாய்க்காக ஒரு தடவை என்று வேலூரில் தெருத் தெருவாகத் தோண்டியாயிற்று. அந்தக் கடப்பாரைகளும் ஜேசிபிகளும் பழைய ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப்புகளை நிறையவே அசைத்துவிட்டன. இடம் கருதிக் கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: மூன்று நாளுக்கு ஒரு தடவை நல்ல தண்ணி வருகிறது. முன்பெல்லாம் ஒரு மணி நேரத்தில் சம்ப் நிறைந்துவிடும். இப்போது பாதிகூட ஏறுவதில்லை. லைன் முழுவதையும் மாற்ற வேண்டும், 28,000 ரூபாய் ஆகும் என்கிறார் பிளம்பர். கொடுக்கலாமா? (வாசகி, சத்துவாச்சாரி)

இன்னும் கொடுக்காதீர்கள் அம்மா. அடுத்த முறை தண்ணீர் வரும்போது பத்து லிட்டர் வாளியை உங்கள் சம்ப் குழாயடியில் வைத்து, நிறைய எத்தனை நொடி ஆகிறது என்று பாருங்கள். அதே வாளியைப் பக்கத்து வீட்டுக் குழாயிலும் வையுங்கள். அங்கேயும் இதே அளவு நேரம் ஆனால் குறை தெருக் குழாயில் இருக்கிறது. அதற்கு மாநகராட்சியில் புகார் கொடுக்க வேண்டும், பிளம்பருக்கு அங்கே வேலையே இல்லை.

பக்கத்து வீட்டில் நன்றாக வந்தால், வாசலுக்குள் இருக்கும் கேட்வால்வு அருகே யூனியனை, அதாவது கழற்றி மாட்டும் இணைப்பைக் கழற்றி அங்கே வாளியைப் பிடிக்கச் சொல்லுங்கள். அந்த இடத்தில் வேகமாக வந்தால் பழுது உங்கள் காம்பவுண்டுக்குள் உள்ள பத்தடியில்தான் இருக்கும், அதை மட்டும் மாற்றினால் போதும். அங்கேயும் சொட்டினால் பெருல், அதாவது தெருக் குழாயில் நம் பைப்பைப் பொருத்தும் திருகு, அடைத்திருக்கலாம், அல்லது தெருவுக்கும் வாசலுக்கும் நடுவே கசியலாம். தண்ணீர் வரும் நாளில் மட்டும் எங்காவது மண் ஈரமாகிறதா என்று நடந்து பாருங்கள். உங்களுடையது இருபது, இருபத்தைந்து வருஷத்து ஜிஐ பைப் என்றால் உள்ளே துரு கட்டி, பென்சில் நுழையும் அளவுக்கு ஓட்டை சுருங்கியிருக்கும். அப்படியானால் பிளம்பர் சொன்னது சரி, முழுவதையும் மாற்றத்தான் வேண்டும். அப்போதும் பைப்புக்கு எவ்வளவு, பள்ளம் தோண்ட எவ்வளவு, கூலி எவ்வளவு என்று பிரித்து எழுதி வாங்குங்கள். 28,000 என்று ஒரே தொகையாகச் சொல்வது கொட்டேஷன் ஆகாது.

கேள்வி: ஐஎஸ்ஐ முத்திரை இல்லாத பைப் விலை குறைவாக இருக்கிறது. மண்ணுக்குள் போகிறதை யார் பார்க்கப் போகிறார்கள் என்கிறார் கடைக்காரர். (வாசகர், தோட்டப்பாளையம்)

பிறகு யாரும் பார்க்க முடியாது என்பதால்தான் முத்திரை வேண்டும். வேறு கடைக்குப் போங்கள்.

கேள்வி: ஜிஐ, பிவிசி, எச்டிபிஇ, சிபிவிசி என்று ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள். மண்ணுக்குள் போட எதை வாங்குவது? (வாசகர், குடியாத்தம்)

தெருவிலிருந்து சம்ப் வரை நான் சொல்வது எச்டிபிஇ, அதாவது கெட்டியான பாலித்தீன் பைப். சுருளாக வருவதால் நடுவில் இணைப்பே இல்லாமல் ஒரே நீளமாகப் போடலாம். இணைப்பு குறைந்தால் கசிவும் குறையும். துருவும் பிடிக்காது. கறுப்பு நிறத்தில் நீலக் கோடு ஓடியிருக்கும். ஐஎஸ் 4984 என்ற எண், அழுத்தத் தரம், அளவு, தயாரிப்பாளர் பெயர் எல்லாம் பைப்பின் நீளம் நெடுக அச்சாகியிருக்க வேண்டும். ஜிஐ போட்டே தீருவேன் என்பவர்கள் ஐஎஸ் 1239 பாருங்கள். மஞ்சள் பட்டை லேசு, நீலம் நடுத்தரம், சிவப்பு கனம். மண்ணுக்குள் மஞ்சள் பட்டையைப் புதைக்காதீர்கள். சிபிவிசி சுவருக்குள் ஓடும் வெந்நீர் லைனுக்கு நல்லது. அதற்கு வேறு சொல்யூஷன் (ஒட்டும் பசை), பிவிசிக்கு வேறு சொல்யூஷன். ஒரே டப்பாவை எல்லாவற்றுக்கும் தடவும் பிளம்பரை நிறுத்திக் கேளுங்கள்.

அளவில் நிறைய பேர் ஏமாறுகிறார்கள். ஜிஐ பைப்பின் அளவு உள்ளே தண்ணீர் போகும் வழியை ஒட்டியது. எச்டிபிஇயின் அளவு வெளிச்சுற்றில் எடுப்பது. 20 மி.மீ. ஜிஐ, அதாவது முக்கால் இஞ்ச் பைப்பை எடுத்துவிட்டு 20 மி.மீ. எச்டிபிஇ போட்டால் வழி அரை இஞ்சாகக் குறைந்துவிடும். அந்த இடத்துக்கு 25 மி.மீ. வேண்டும்.

முத்திரைக்குக் கீழே சிஎம்/எல் என்று தொடங்கும் உரிம எண் இருக்கும். பிஐஎஸ் கேர் என்ற அரசுச் செயலியில் அந்த எண்ணைப் போட்டால் எந்தத் தயாரிப்பாளர், எந்தப் பொருள், உரிமம் நடப்பில் இருக்கிறதா என்று வந்துவிடும். கடை வாசலில் நின்றபடியே பார்க்கலாம்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். எங்கள் வீட்டுக்கு லைன் மாற்றியபோது அச்சு எதுவும் இல்லாத ஒரு சுருளை "அதே கம்பெனி மால்தான் சார், செகண்ட்ஸ்" என்று சொன்னதை நம்பி வாங்கினேன். கறுப்பாகத்தான் இருந்தது. பழைய பிளாஸ்டிக்கை உருக்கி ஊற்றிய மால் அது. இரண்டு கோடை தாண்டுவதற்குள் நீளவாக்கில் பிளந்துகொண்டது. வாசல் சிமெண்ட்டை மறுபடி உடைத்தபோது, பித்தளை என்று வாங்கிய கேட்வால்வும் கையோடு வந்தது. உடைந்த இடத்தில் மஞ்சள் இல்லை, வெள்ளையாக இருந்தது. மிச்சம் பிடித்தது அறுநூறு ரூபாய், திரும்பச் செய்ய ஆனது அதைப் போல் பல மடங்கு. பித்தளை வால்வை வாங்கும்போது கையில் தூக்கிப் பாருங்கள், கனக்க வேண்டும். மறைவான ஓரத்தில் ஆணியால் கீறினால் உள்ளேயும் மஞ்சளாக இருக்க வேண்டும்.

கேள்வி: ஞாயிற்றுக்கிழமை ஒரே நாளில் தோண்டி, பைப் போட்டு, மூடி, சிமெண்ட்டும் பூசித் தருகிறேன் என்கிறார் மேஸ்திரி. எங்கள் தெருவில் தண்ணீர் வருவது செவ்வாய். சரிதானே? (வாசகர், கொசப்பேட்டை)

சரியில்லை. இதைக் கொஞ்சம் விரித்தே சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் எனக்கு வரும் கசிவுப் புகார்களில் பல இந்த ஞாயிற்றுக்கிழமை அவசரத்தில்தான் பிறக்கின்றன.

நம் ஊரில் இருபத்துநாலு மணி நேரமும் குழாயில் தண்ணீர் இருப்பதில்லை. ஞாயிறு போட்ட பைப்பில் செவ்வாய்தான் தண்ணீர் ஏறும். அதற்குள் மூடிப் பூசிவிட்டால், இணைப்பு கசிகிறதா என்று யார் பார்ப்பது? "ஒண்ணும் ஆவாது சார்" என்று மேஸ்திரி சொல்லுவார். அவர் சம்பளம் வாங்கிக்கொண்டு போய்விடுவார், மண்ணுக்குள் கசிவது உங்கள் தண்ணீர். அந்த ஈரத்தில் வாசல் படிதான் முதலில் இறங்கும்.

இணைப்பு உள்ள இடங்களை மட்டும் திறந்தே விடச் சொல்லுங்கள். செவ்வாய் வரை காத்திருக்க முடியாதென்றால், காம்பவுண்டுக்குள் போட்ட பைப்பின் ஒரு முனையில் ஹோஸ் வைத்து மாடித் தொட்டித் தண்ணீரை அதற்குள் விடுங்கள். காற்று வெளியேறியதும் மறு முனையை மூடி, ஹோஸைத் திறந்தே வைத்து, ஒவ்வொரு இணைப்பிலும் செய்தித்தாளைச் சுற்றி ஒரு மணி நேரம் விட்டுப் பாருங்கள். தாள் நனைந்தால் இணைப்பு சரியில்லை. பிவிசியில் சொல்யூஷன் போட்ட இணைப்பு என்றால் காய ஒரு நாள் கொடுத்த பிறகுதான் இந்தச் சோதனை. தெருப் பக்கத்துப் பெருல் இணைப்பைத் தண்ணீர் வரும் நாளில்தான் பார்க்க முடியும், அந்தக் குழி செவ்வாய் வரை திறந்தேதான் இருக்க வேண்டும். சுற்றிலும் கல் வைத்து, இரவில் ஒரு விளக்குப் போட்டுவிடுங்கள்.

அடுத்தது ஆழம். வண்டி ஓடும் தெருவில் மூன்றடி, வாசலுக்குள் இரண்டடி கேளுங்கள். நம் பக்கத்தில் தோண்டினால் கல் வரும், கடப்பாரை இறங்காது, ஒரு அடியிலேயே நிறுத்தப் பார்ப்பார்கள். தோண்டி எடுத்த அதே கல்லைப் பைப்பின் மேல் கொட்டி மூடுவதுதான் எனக்குத் தாங்கவே முடியாத வேலை. லாரி ஒன்று மேலே போனால் அந்தக் கல் கூர்முனையோடு பைப்பில் இறங்கும். கீழே அரையடி மணல், மேலே அரையடி மணல், அதன் பிறகு கல் பொறுக்கிய மண் என்று போட வேண்டும். எம்-சாண்ட் போதும், ஆற்று மணல் தேட வேண்டாம். அந்த மணலுக்கு ஆகும் செலவு, பின்னால் ஒரு தடவை தோண்டும் கூலிகூட இல்லை.

பழைய தெருக்களில் இணைப்புப் பைப் தெருக் கால்வாய்க்குள்ளேயே நனைந்தபடி போகும். அதை அப்படியே விட வேண்டாம். கால்வாயைத் தாண்டும் இடத்தில் பெரிய பைப் ஒன்றைப் போட்டு, அதற்குள் நம் பைப்பை நுழைத்து எடுங்கள். அந்த நீளத்துக்குள் ஒரு இணைப்புகூட இருக்கக் கூடாது.

மூடுவதற்கு முன் டேப்பை வைத்து ஆழத்தோடு படம் எடுங்கள். பைப்பில் அச்சான எழுத்து தெரிய ஒரு படம். கேட் தூணிலிருந்து எத்தனை அடியில் பைப் ஓடுகிறது, எங்கே வளைகிறது, எங்கே இணைப்பு என்று ஒரு தாளில் வரைந்து வீட்டுப் பத்திரத்தோடு வையுங்கள். நாளைக்கு உங்கள் பிள்ளை தோண்டும்போது வாசல் முழுவதையும் உடைக்க வேண்டியிருக்காது.

கேள்வி: பிளம்பர் 15,000 அட்வான்ஸ் வாங்கினார். தெருவில் பள்ளம் தோண்டிப் போட்டார். பன்னிரண்டு நாளாக ஆளைக் காணோம், போனையும் எடுப்பதில்லை. தெருக்காரர்கள் என்னைத் திட்டுகிறார்கள். தனியாக இருக்கிறேன். (ஓய்வுபெற்ற ஆசிரியை, காட்பாடி)

டீச்சர், தவறு உங்கள் மேல் இல்லை. தெருக்காரர்களிடம் தலை குனிய வேண்டாம்.

முதலில் பள்ளத்தைப் படம் எடுத்துவிட்டு மண்ணால் மூடிவிடுங்கள். யாராவது விழுந்தால் வேறு தொல்லை வரும். தெருவை வெட்ட மாநகராட்சி அனுமதியும் கட்டணமும் உண்டு, பெருல் வேலையும் அவர்கள் அனுமதித்த ஆள்தான் செய்ய வேண்டும். அந்த ஆள் அனுமதி வாங்கினாரா என்று தெரியாவிட்டால் வார்டு அலுவலகத்துக்கு நீங்களே போய் நடந்ததைச் சொல்லி எழுதிக் கொடுங்கள். பணம் போனில் அனுப்பியதென்றால் அந்தப் பதிவு, வாட்ஸ்அப் பேச்சு, போன் செய்த தேதிகள் எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். ஏழு நாளில் வேலையை முடி அல்லது பணத்தைத் திருப்பிக் கொடு என்று எழுதி, ஒப்புகை வரும்படி தபாலில் அனுப்புங்கள். பதில் இல்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் சொல்லுங்கள். அடுத்தது வேலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கூலி வாங்கிச் செய்யும் வேலையும் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் சேவைதான். ஐந்து லட்சம் வரை மனுக் கட்டணம் கிடையாது, வக்கீல் இல்லாமல் நீங்களே வாதாடலாம், இரண்டு வருஷம் வரை காலம் இருக்கிறது. உங்கள் மனுவின் நகலை எனக்கு அனுப்புங்கள், எழுத்தில் விட்டுப்போனது இருந்தால் சொல்கிறேன்.

கேள்வி: 40,000 ரொக்கமாகக் கொடுத்தேன். பில் இல்லை. வேலை நடந்தபோது நான் ஊரில் இல்லை. புதுப் பைப்தான் போட்டாரா என்று இப்போது சந்தேகம். போன வருஷம் போர் மோட்டாரிலும் இதே ஆள்தான் ஏமாற்றினார். (வாசகர், பாகாயம்)

போன வருஷம் ஏமாற்றியவரிடம் இந்த வருஷம் எழுத்தில்லாமல் 40,000 கொடுத்துவிட்டு ஊருக்குப் போயிருக்கிறீர்கள். எனக்கு வருத்தத்தை விடக் கோபம்தான் வருகிறது. கேட் அருகே இரண்டடி தோண்டிப் பாருங்கள், பழைய பைப் இருந்தால் படம் எடுத்துவிட்டு எழுதுங்கள்.

கேள்வி: லைன் மாற்றி ஒரு மாதம்கூட ஆகவில்லை, தண்ணீரில் சாக்கடை நாற்றம். எதிர்வீட்டுக்காரர் லைனிலேயே மோட்டார் வைத்து உறிஞ்சுகிறார். தொடர்பு உண்டா? (வாசகி, சைதாப்பேட்டை, வேலூர்)

உண்டு. குழாய் நிறைந்து ஓடும்போது ஓட்டை வழியாகத் தண்ணீர் வெளியே கசியும். மோட்டார் உறிஞ்சினால் அதே ஓட்டை வாயாகி, பக்கத்தில் தேங்கிய கால்வாய் நீரை உள்ளே இழுக்கும். அவர் வீட்டுக்கு மட்டும் அல்ல, உங்கள் வீட்டுக்கும் அதுதான் வரும். லைனில் நேராக மோட்டார் வைப்பது விதிக்கு விரோதம், மாநகராட்சி பறிமுதல் செய்யலாம். தெருவாகச் சேர்ந்து புகார் கொடுங்கள், நீங்கள் ஒருவர் மட்டும் போனால் பகை உங்கள் தலையில் விழும்.

இன்றைக்கே செய்ய வேண்டியது: அந்தத் தண்ணீரைக் குடிக்காதீர்கள், சமைக்காதீர்கள். சம்ப்பைக் காலி செய்து, தேய்த்து, பிளீச்சிங் பவுடர் கலந்த நீரால் கழுவுங்கள். குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கட்டணம் கட்டிச் சோதிக்கலாம், எப்படிப் பிடித்து வர வேண்டும் என்று அவர்களிடமே கேட்டுக்கொள்ளுங்கள். உங்கள் புது லைன் கால்வாயை எங்கே தாண்டுகிறது என்றும் பிளம்பரை அழைத்துப் பாருங்கள்.

கேள்வி: மகள் சிகாகோவில் இருக்கிறாள். அங்கே ஈயக் குழாய்களை மாற்றுகிறார்களாம். நம் வீட்டிலும் ஈயம் இருக்குமா? (வாசகர், ஆம்பூர்)

சிகாகோவில் 1986 வரை வீட்டு இணைப்புக்கு ஈயக் குழாயே விதியாக இருந்தது, அதனால்தான் அந்தத் தொல்லை. நம் ஊர்ப் பழைய வீடுகளில் வழக்கமாக இருப்பது ஜிஐ. இங்கே ஈயம் பற்றிய கவலை பிவிசியில்தான். அதில் நிலைப்படுத்தியாக ஈயச் சேர்மம் கலந்து வந்தார்கள், அதைக் கட்டுப்படுத்த 2021இல் மத்திய அரசு விதி கொண்டுவந்தது. முத்திரை பார்த்து வாங்குங்கள்.

கேள்வி: ஆயுள் கியாரண்டி என்கிறார் பிளம்பர். நம்பலாமா? (வாசகர், வாலாஜா)

எழுதித் தரச் சொல்லுங்கள். தரவில்லையென்றால் கியாரண்டி இல்லை.

கேள்வி: நாலு மீட்டர் பைப்பும் இரண்டு கப்ளிங்கும் மிச்சம். "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்று பில்லில் இருக்கிறது என்று கடைக்காரர் மறுக்கிறார். (வாசகி, ஆற்காடு)

குறையுள்ள பொருள் என்றால் அந்த வரி செல்லாது. பில்லில் காலம் எதுவும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள் திரும்ப எடுத்தாக வேண்டும், மறுப்பது சட்டப்படி முறையற்ற வணிகம். பில் தர மறுப்பதும் அப்படித்தான். ஆனால் உங்களுடையது நல்ல பொருள், கூடுதலாக வாங்கியது. அதைத் திரும்ப எடுப்பது கடைக்காரரின் விருப்பம். விடுங்கள் அம்மா. வெயில் படாத இடத்தில் எடுத்து வையுங்கள். எங்காவது கசிந்தால் இதே அளவு, இதே கம்பெனி பைப்பைத் தேடி அலைய வேண்டியிருக்காது.