பனிக்காலத்துக்குப் புல் வைத்திருப்பவன்

மதிப்பிற்குரிய ஐயா,

கிராம நிர்வாக அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். என் தங்கை மகன் வாட்ஸ்ஆப்பில் ஒரு செய்தி அனுப்பியிருக்கிறான். சுவிட்சர்லாந்தில் அல்பினென் என்ற மலைக்கிராமத்தில் போய்க் குடியேறினால் குடும்பத்துக்கு அரைக்கோடி ரூபாய் தருகிறார்களாம். விண்ணப்பிக்கலாமா என்று என்னைக் கேட்கிறான். இது உண்மைதானா? உண்மையென்றால், ஓர் ஊராட்சி தன் கையிலிருந்து இப்படிப் பணத்தை எடுத்துக் கொடுக்க முடியுமா? மேலிடத்தில் யாரும் கேட்க மாட்டார்களா?

கு., மதுரை

அன்புள்ள கு. அவர்களுக்கு,

செய்தியில் பாதி உண்மை. அல்பினென், வாலே மாநிலத்தில் இருக்கிற ஊர். மக்கள்தொகை சுமார் 240. இளம் குடும்பங்கள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கிப் போனதில் பள்ளிக்கூடமும் மூடப்பட்டது. 2017 நவம்பரில் ஊர்க்கூட்டம் கூடி, குடியேறும் பெரியவருக்கு 25,000 ஃபிராங்க், குழந்தைக்கு 10,000 ஃபிராங்க் என்று முடிவு செய்தது. நான்கு பேர் குடும்பம் என்றால் 70,000. அரைக்கோடி என்ற கணக்கு அங்கிருந்துதான் வந்தது.

வாட்ஸ்ஆப்பில் விட்டுப்போன பாதி இது: வயது 45க்குள் இருக்க வேண்டும். சுவிஸ் குடிமகனாகவோ நிரந்தரக் குடியிருப்பு உரிமை உள்ளவராகவோ இருக்க வேண்டும். குறைந்தது 2,00,000 ஃபிராங்க் போட்டு அங்கே வீடு வாங்கவோ கட்டவோ வேண்டும். அதில் பத்து ஆண்டுகள் குடியிருக்க வேண்டும். ஆகவே உங்கள் தங்கை மகன் மதுரையிலிருந்து விண்ணப்பிக்க வழியில்லை.

மேலிடம் கேட்காதா என்பது உங்கள் இரண்டாவது கேள்வி. அங்கே வருமான வரி மூன்று இடங்களுக்குப் போகிறது: நாட்டுக்கு, மாநிலத்துக்கு, ஊருக்கு. ஊரின் பங்கு எவ்வளவு என்பதில் ஊருக்கே சொல் உண்டு. தன் வரிப்பணத்தை ஊர்க்கூட்டத்தில் கை தூக்கிச் செலவழிக்கிறார்கள். நாட்டில் இப்படி 2,000க்கும் மேற்பட்ட ஊர்கள் இருக்கின்றன.

ஆனால் புறம்போக்கு நிலங்களோடு பல வருடம் மல்லுக்கட்டியிருப்பீர்கள். உங்களுக்குச் சொல்ல வேண்டிய ஊர் அல்பினென் அல்ல, அதே மாநிலத்தில் ரோன் பள்ளத்தாக்குக்குத் தெற்கே இருக்கிற டோர்பெல். 1,500 மீட்டர் உயரத்தில், சரிவில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஊர். 1970களின் தொடக்கத்தில் ராபர்ட் நெட்டிங் என்ற அமெரிக்க மானிடவியலாளர் அங்கே போய்த் தங்கி, ஊரின் பழைய ஆவணங்களைப் படித்தார். அவர் எழுதியதை எடுத்துக்கொண்டுதான் எலினார் ஆஸ்ட்ரம் என்ற அமெரிக்க அரசியல் அறிஞர், பொதுச்சொத்தை மக்களே கெடாமல் காக்க முடியும் என்று வாதாடினார். 2009இல் அவருக்குப் பொருளாதார நோபல் கிடைத்தது. அந்தப் பரிசைப் பெற்ற முதல் பெண் அவர்.

டோர்பெல்லில் வீடும் வயலும் புல்வெளியும் தனியார் சொத்து. மலையுச்சி மேய்ச்சல் நிலமும் காடும் பொது. மாடுகள் கோடையில் மட்டும் மேலே போகும். பனிக்காலம் முழுவதும் கொட்டிலில் நின்றுகொண்டே உலர்ந்த புல்லைத் தின்னும். அந்தப் புல்லை அவரவர் சொந்த நிலத்தில் அறுத்துக் காயவைத்துச் சேர்க்க வேண்டும். 1517ஆம் ஆண்டு விதி ஒன்று இருக்கிறது. பனிக்காலத்தில் எத்தனை மாடுகளுக்கு ஒருவரால் தீனி போட முடிகிறதோ, அத்தனை மாடுகளைத்தான் கோடையில் பொது மேய்ச்சலுக்கு அனுப்பலாம்.

இந்த விதியைக் கொஞ்சம் புரட்டிப் பாருங்கள். கையில் காசுள்ள ஒருவன் வசந்தத்தில் கீழே சந்தையில் இருபது மாடு வாங்கி, ஊர்ப் புல்லில் கொழுக்கவைத்து, பனி விழுமுன் விற்றுவிடலாம் அல்லவா? அந்த வழி அடைபட்டுப் போகிறது. அளவுக்குச் சர்வேயரும் வேண்டாம், சங்கிலியும் வேண்டாம். பக்கத்துக் கொட்டிலில் பனிக்காலத்தில் எத்தனை மாடு நின்றது என்பது ஊரில் சின்னப் பையனுக்கும் தெரியும். மீறினால் அபராதம் போட ஊரே ஒருவரை அமர்த்தியிருந்தது. வசூலித்ததில் பாதி அவருக்கு. இதைப் படித்து நீங்கள் சிரிப்பீர்கள் என்று தெரியும். ஆனால் பார்த்தும் பார்க்காததுபோல் போவதைவிட அபராதம் போடுவது அவருக்கு லாபமாக இருந்தது, அதையும் கவனியுங்கள்.

விறகு விஷயம் இன்னும் அழகு. வெட்டலாம் என்ற மரங்களில் ஊர் வனக்காவலர் அடையாளம் போடுவார். உரிமையுள்ள வீட்டார் கூட்டாக வெட்டி, இழுத்து வந்து, ஏறக்குறைய ஒரே அளவில் குவியல் குவியலாக அடுக்குவார்கள். அதன் பிறகுதான் சீட்டு எடுப்பது. எந்தக் குவியல் தனக்கு வரும் என்று தெரியாதவன் எதையும் சின்னதாக அடுக்க மாட்டான். பாதை செப்பனிடுவது, பனிச்சரிவு கொண்டுவந்து தள்ளிய குப்பையை அகற்றுவது, மேய்ச்சலில் சாணம் பரப்புவது எல்லாம் ஊர்வேலை. மாடு வைத்திருப்பவன் வந்தாக வேண்டும்.

இதையெல்லாம் சொல்லி, பொற்காலம் என்று கண் கலங்குகிற கட்டுரைகள் நிறைய உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. 1483 பிப்ரவரி 1ஆம் தேதி டோர்பெல்காரர்கள் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில், வெளியூரான் இங்கே நிலமே வாங்கினாலும் பொது மேய்ச்சலிலும் காட்டிலும் அவனுக்கு உரிமை இல்லை என்று எழுதியிருக்கிறது. வேலி போட்டதால்தான் பொதுச்சொத்து பிழைத்தது; வேலிக்கு வெளியே நின்றவனிடம் யாரும் கருத்துக் கேட்கவில்லை.

வேலிக்கு உள்ளேயே இருந்தவர்களிலும் பாதிப்பேரை யாரும் கேட்கவில்லை. டோர்பெல்லிலிருந்து அதிக தூரமில்லாத உண்டர்பெக் என்ற ஊரில், 1957 மார்ச்சில், பெண்களையும் குடிமைப் பாதுகாப்புப் பணியில் கட்டாயமாகச் சேர்ப்பதா என்று ஒரு தேசிய வாக்கெடுப்பு வந்தது. முடிவு பெண்களைப் பற்றியது, வாக்கு ஆண்களுக்கு மட்டும். ஊர் மன்றம் துணிந்து பெண்களையும் வாக்களிக்க அனுமதித்தது. 33 பெண்கள் வந்து போட்டார்கள். அந்த வாக்குகள் கணக்கில் சேரவில்லை. தேசிய வாக்கெடுப்புகளிலும் தேர்தல்களிலும் பெண்களுக்கு வாக்குரிமை கிடைக்க 1971 ஆகிவிட்டது. சட்டத்தை மீறத் துணிந்ததும் ஒரு குக்கிராமம்தான் என்பதை நான் மறைக்கவில்லை.

அல்பினென் கொடுப்பது குடியிருப்பதற்கான பணம். வாலேயில் இன்றும் ஒரே ஊருக்குள் குடியிருப்பவர்களின் அமைப்பு என்று ஒன்றும், பரம்பரை ஊர்க்காரர்களின் அமைப்பு என்று இன்னொன்றும் உண்டு. மேய்ச்சலும் காடும் பல இடங்களில் இரண்டாவதன் கையில். பணம் வாங்கிக்கொண்டு வந்து குடியேறுகிறவன் முதலாவதில் உட்காரலாம். இரண்டாவதில் சேர்வது வேறு கதை.

நாட்டுக் குடியுரிமையே அங்கே ஊரிலிருந்துதான் தொடங்குகிறது. ஊர், மாநிலம், நாடு மூன்றும் சம்மதிக்க வேண்டும். 2000இல் எம்மென் என்ற ஊரில் விண்ணப்பங்களை வாக்குப்பெட்டிக்கே விட்டார்கள். இத்தாலியர்களுக்கு மட்டும் சம்மதம் கிடைத்தது. குடியுரிமைக்கு இப்படி வாக்கெடுப்பு நடத்துவது செல்லாது என்று 2003இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

சுவிஸ் பாஸ்போர்ட்டில் பிறந்த ஊர் இருக்காது. சொந்த ஊர் என்ற இடத்தில், உரிமை கொடுத்த ஊரின் பெயர் அச்சாகியிருக்கும். யாழ்ப்பாணத்தில் பிறந்து, 1980களில் அகதியாகப் போய், குடியுரிமை பெற்றவர்களுக்கும் அப்படித்தான்.