பினாங்குல கடலோரமா ஸ்டீல் பிரேம் வீடு கட்டலாமா, துரு பிடிச்சிடாதா?

தெலுக் பாஹாங் பக்கம் நிலம் இருக்கு, செங்கல்லுக்குப் பதிலா ஸ்டீல் பிரேம்ல, அதாவது ஸ்டீல் சட்டம் நிறுத்தி அது மேல போர்டு அடிச்சுக் கட்டினா சீக்கிரம் முடியும்னு கான்ட்ராக்டர் சொல்றாரு, நம்ம வெக்கைக்கும் உப்புக் காத்துக்கும் தாங்குமான்னு கேட்டிருக்கீங்க. தாங்கும், ஆனா செவுர எப்படிக் கட்டறாங்கங்கறதுலதான் எல்லாமே இருக்கு. நான் பட்டர்வொர்த்ல சீலிங், பார்ட்டிஷன் வேலை பாக்கறேன், 15 வருஷம் ஆச்சு, பாத்தத வெச்சு சொல்றேன்.

கரையான் பயம் பிரேமுக்கு இல்ல, அது பெரிய நிம்மதி. எங்க அப்பாவோட பலகை வீட்டுல ஜன்னல் கட்டைய விரலால அமுக்குனா விரல் உள்ள போயிடும், மேல பெயிண்ட் மட்டும் தோல் மாதிரி நிக்கும். ஆனா கதவு, அலமாரி, ஜிப்சம் போர்டு மேல ஒட்டியிருக்கற காகிதம் இதையெல்லாம் கரையான் விடாது, மண்ணுக்கு மருந்து அடிச்சுத்தான் ஆகணும்.

துருவுக்கு வருவோம். ஸ்டீல் மேல ஜிங்க் பூச்சு இருக்கும், இசட்275ன்னு எழுதியிருந்தா சதுர மீட்டருக்கு ரெண்டு பக்கமும் சேத்து 275 கிராம்னு அர்த்தம். ஒரு பக்கத்துக்குக் கணக்குப் பாத்தா 20 மைக்ரான் வாக்குலதான், தலைமுடிய விட மெல்லிசு. ஏஇசட்150ன்னா அலுமினியமும் ஜிங்க்கும் கலந்த பூச்சு, கடல் காத்துக்கு இது நல்லா நிக்கும், ஆனா ஈர சிமெண்ட்டு நேரா பட்டா அரிச்சிடும், அதனால தரையில படற கீழ் சட்டத்துக்கு அடியில கண்டிப்பா ஈரம் ஏறாத ஷீட் விரிக்கணும். சைட்ல கிரைண்டர் வெச்சு அறுக்க விடாதீங்க, அந்தப் பொறி பூச்சையும் எரிக்கும், தெறிக்கற இரும்புத் தூள் ஒட்டிக்கிட்டு அதுவும் துருவேறும். ஸ்னிப், ஷியர்னு தகடு வெட்டற கத்திரியாலதான் வெட்டணும்.

ஆனா நான் பாத்த வரைக்கும் வீட்டுக்குள்ள பிரேமக் கெடுக்கறது கடல் காத்த விட ஏர்கோன்தான்! என் தங்கச்சி தஞ்சோங் பூங்கால மாடியில ஒரு ரூம் இழுத்துக் கட்டினா, ஸ்டீல் பிரேம், வெளிய சிமெண்ட் போர்டு, நடுவுல சூடு தடுக்கற பஞ்சு, உள்பக்கம் பிளாஸ்டிக் ஷீட், அது மேல ஜிப்சம் போர்டு, அதுக்கு மேல வினைல் வால்பேப்பர். பிள்ளைங்க ராத்திரி முழுக்க 18 டிகிரில வெச்சுத் தூங்குவாங்க. ரெண்டு வருஷத்துல நனைஞ்ச துணி நாத்தம் வர ஆரம்பிச்சுது, அண்ணே வந்து பாருண்ணேன்னு கூப்பிட்டா. பேப்பர உரிச்சேன், பின்னாடி ரோஸ் கலர்லயும் கறுப்புலயும் திட்டுத் திட்டா பூஞ்சணம். போர்டையும் கழட்டுனா பிளாஸ்டிக் ஷீட்டுக்குப் பின்னாடி முத்து முத்தா தண்ணி, ஸ்டீல் சட்டம் ஓரமா வழிஞ்சு கீழ தேங்கி நிக்குது, ஸ்க்ரூ தலை ஒண்ணொண்ணும் செங்காவி நெறம். அவ அழுதுட்டா, கடன் வாங்கிக் கட்டினது.

தே ஐஸ், அதான் ஐஸ் போட்ட டீ, அந்தக் கிளாஸ் வெளிய வேர்க்குது இல்லையா, அதே கதைதான். 30 டிகிரியில 70 சதவீதம் ஈரப்பதம் இருந்தா அந்தக் காத்து 24 டிகிரி கிட்ட எதத் தொட்டாலும் தண்ணியா இறங்கிடும். குளிர் நாட்டுல ஈரம் வீட்டுக்குள்ளேருந்து வெளிய போகும், அதனால அங்க உள்பக்கம் பிளாஸ்டிக் அடிப்பாங்க. நமக்கு வெளியிலேருந்து உள்ள வருது, அந்த ஷீட்டும் வினைல் பேப்பரும் வழிய அடைச்சு நிக்குது, வந்த தண்ணி போக எடமில்ல. போதாததுக்கு ஸ்டீல் மரத்த விட 300 மடங்குக்கு மேல சூட்டையும் குளிரையும் கடத்தும், பஞ்சு வெச்சாலும் சட்டம் வழியா குளிர் வெளிப்பக்கம் வரைக்கும் போயிடும், அங்க வேர்க்கும்.

நாங்க என்ன பண்ணோம்னா, உள்ள இருந்த ஷீட்டையும் பேப்பரையும் எடுத்துட்டு சாதா எமல்ஷன் பெயிண்ட் அடிச்சோம். வெளிய சட்டத்து மேல முழுசா போம் போர்டு, அது மேல ஈரம் தடுக்கற ஷீட், அப்புறம் ஒரு விரல் இடைவெளி விட்டு வெளிப்பலகை, உள்ள போற மழத்தண்ணி கீழ வழிஞ்சு போற மாதிரி. ஷீட்டோட ஜாயின்ட்டு எல்லாம் டேப் போட்டு மூடினோம். ஏர்கோன் இப்ப 25ல ஓடுது. கூரைக்கு அடியில அலுமினிய பாயிலும் ராக்வுல்லும் (கல்லுலேருந்து செய்யற பஞ்சு) போட்டுடுங்க, மேலேருந்து எறங்கற சூடுதான் ரூமக் கொதிக்க வைக்கும்.

உங்க கான்ட்ராக்டர்கிட்ட செவுரோட குறுக்கு வெட்டுப் படம் கேளுங்க, ஈரம் தடுக்கற ஷீட் எந்தப் பக்கம் வருதுன்னு அவரே விரல் வெச்சுக் காட்டட்டும். உள்பக்கம்னு காட்டினா வேற ஆளப் பாருங்க. ஸ்க்ரூவும் கடலோரத்துக்குன்னு வர்ற கனமான பூச்சு போட்டதா இருக்கணும், இதுல காசு மிச்சம் பிடிக்க விடாதீங்க. தங்கச்சி வீட்டுல அலமாரிக்குப் பின்னாடி கை நுழையற அளவு ஒரு சின்ன மூடி வெச்சிருக்கேன், தீபாவளிக்குப் போறப்ப எல்லாம் தெறந்து சட்டத்தத் தடவிப் பாப்பேன், போன தடவையும் காஞ்சுதான் இருந்துச்சு.